மல்லாவி, ஒட்டுசுட்டான் கணினிகளுக்குக் கிளிநொச்சியிலிருந்து எஸ்எஸ்எச்: எந்த இயங்குதளத்தில் எப்படி?

மல்லாவி_வெளி எழுதியது:

வணக்கம். கிளிநொச்சியில் இருந்துகொண்டு இரண்டு சிறு கல்வி நிலையங்களின் கணினிகளைப் பார்த்துக்கொள்கிறேன். ஒன்று மல்லாவியில், மற்றது ஒட்டுசுட்டானில். எதற்குப் போவதென்றாலும் மாங்குளம் சந்தியில் இறங்கி அடுத்த பஸ்ஸுக்கு நிற்க வேண்டும். ஒரு சேவையை நிறுத்தித் தொடங்குவது, ஒரு கோப்பை எடுத்து வருவது, அவ்வளவுதான் வேலை. போய்வர அரை நாள் போய்விடுகிறது.

இப்போது திரையைப் பகிரும் ஒரு செயலியை வைத்துச் சமாளிக்கிறோம். 4ஜி சிக்னல் குறைந்தால் படம் அப்படியே உறைந்துவிடும். எஸ்எஸ்எச் (தொலைவிலுள்ள கணினிக்குள் மறைப்போடு நுழைந்து கட்டளை கொடுக்கும் வழி) என்றால் எழுத்து மட்டும்தான் போய்வரும், மெலிந்த இணைப்பிலும் ஓடும் என்று வாசித்தேன்.

சிக்கல் என்னவென்றால் இயந்திரங்கள் ஒரே மாதிரி இல்லை. மல்லாவியில் விண்டோஸ் 10, விண்டோஸ் 11, கூடவே ஒரு பழைய விண்டோஸ் 7. ஒட்டுசுட்டானில் பாடக் கோப்புகள் இருக்கும் உபுண்டு 24.04, பிறகு மாணவர்கள் மழையும் வெப்பமும் பதிவதற்குச் செய்த ராஸ்பெரி பை என்ற குட்டிக் கணினி. கணக்குப் பார்க்கும் ஆசிரியையிடம் ஒரு மாக்புக். என்னிடம் விண்டோஸ் 11 மடிக்கணினியும் அண்ட்ரொய்ட் போனும். இவற்றில் எதில் எஸ்எஸ்எச் ஏற்கெனவே இருக்கிறது, எதில் புதிதாகப் போட வேண்டும்? பிள்ளைகளின் விபரங்கள் உள்ள கணினிகள். ஆகவே பாதுகாப்புத்தான் எனக்கு முதலாவது.

கனகராயன் எழுதியது:

அக்கா, நீங்கள் சொன்ன பட்டியலில் விண்டோஸ் 7, போன் இரண்டையும் தவிர மற்ற எல்லாவற்றிலும் எஸ்எஸ்எச் உள்ளே இருக்கிறது, அல்லது தயாரித்தவர்களே தரும் வழியில் சேர்க்கலாம். காசு கொடுக்கத் தேவையில்லை, எங்கோ ஒரு தளத்தில் தேடி இறக்கவும் தேவையில்லை.

ஒன்றை முதலில் பிரித்துப் பார்க்க வேண்டும். வெளியே போய் இன்னொரு கணினிக்குள் நுழைவது கிளையன்ட். வருகிறவரை உள்ளே விடுவது சேர்வர். கிளையன்ட் இன்று கிட்டத்தட்ட எல்லாவற்றிலும் இருக்கிறது. சேர்வர் பலவற்றில் நிறுவப்படாமலோ அணைக்கப்பட்டோ இருக்கும். அது நல்லது. கேட்காமலே கதவைத் திறந்துவைக்கும் இயங்குதளத்தை நான் நம்பமாட்டேன்.

இது எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால் ஏன் வேண்டும் என்பதும் விளங்கும். 1995இல் பின்லாந்தின் ஹெல்சிங்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழக வலையமைப்பில் கடவுச்சொற்களை ஒட்டுக்கேட்டுத் திருடும் தாக்குதல் ஒன்று நடந்தது. அங்கிருந்த தாது யுலேனன் அதற்குப் பதிலாக எழுதியதுதான் எஸ்எஸ்எச். அதற்கு முன் பாவனையில் இருந்த டெல்நெட்டில் நீங்கள் அடிக்கும் ஒவ்வொரு எழுத்தும் மறைப்பில்லாமல் கம்பியில் ஓடும். இன்று பெரும்பாலான இடங்களில் நாம் பாவிப்பது ஓபன்எஸ்எஸ்எச். ஓபன்பிஎஸ்டி திட்டத்தினர் யுலேனனின் பழைய இலவசப் பதிப்பிலிருந்து வளர்த்து 1999 டிசம்பரில் வெளியிட்டது. விண்டோஸில் மைக்ரோசொஃப்ட் தருவதும் அதன் வழி வந்ததுதான். அதனால் ஒரு இடத்தில் பழகினால் மற்ற இடங்களிலும் கை தானாக வரும்.

விண்டோஸ் 10, 11: கிளையன்ட் 2018 முதல் கூடவே வருகிறது. பவர்ஷெல்லைத் திறந்து எஸ்எஸ்எச் என்று அடித்துப் பாருங்கள், பதில் வரும். சேர்வரை நீங்கள் சேர்க்க வேண்டும். செட்டிங்ஸில் ஆப்ஷனல் பீச்சர்ஸ் பகுதிக்குப் போய் ஓபன்எஸ்எஸ்எச் சேர்வர் என்று தேடிச் சேருங்கள். பிறகு சேவைகளின் பட்டியலில் அதை ஆட்டோமேட்டிக் என்று மாற்றித் தொடக்குங்கள். இதை விட்டால் கரண்ட் போய் வந்த பிறகு சேர்வர் எழும்பாது. எஸ்எஸ்எச் வழமையாக நிற்கும் 22ஆம் போர்ட்டுக்கான (வலையமைப்பில் கணினியின் வாசல் இலக்கம்) பயர்வால் விதியை அதுவே உண்டாக்கிக்கொள்ளும். ஆனால் வலையமைப்பு பப்ளிக் என்று குறிக்கப்பட்டிருந்தால் தடுக்கலாம், பிரைவேட் என்று இருக்கிறதா எனப் பாருங்கள். மெலிந்த இணைப்பில் அந்தப் பீச்சர் இறங்காமல் பாதியில் நிற்பதுண்டு. அப்படியானால் மைக்ரோசொஃப்ட்டின் கிட்ஹப் பக்கத்தில் நிறுவற் கோப்பு தனியாகக் கிடைக்கும். கிளிநொச்சியில் இறக்கி பென்டிரைவில் கொண்டு போகலாம்.

விண்டோஸ் 7: 2020 ஜனவரி 14உடன் அதற்கான ஆதரவு முடிந்தது. பட்டி (PuTTY) என்ற எஸ்எஸ்எச் கிளையன்ட் செயலியைப் போட்டு அதிலிருந்து வெளியே போகலாம். ஆனால் அதை வெளியிலிருந்து நுழையும் சேர்வராக்க வேண்டாம். அந்தக் கணினியின் நினைவகம் குறைவாக இருந்தால் லுபுண்டு போன்ற இலகுவான லினக்ஸ் ஒன்றைப் போடுங்கள், தமிழ்த் தட்டச்சும் வரும். விண்டோஸ் 10க்கும் 2025 அக்டோபர் 14உடன் பொது ஆதரவு முடிந்துவிட்டது என்பதையும் யோசித்துக்கொள்ளுங்கள்.

அறிவியல்நகர்_மாணவன் எழுதியது:

அக்கா, ராஸ்பெரி பை பற்றி நான் சொல்கிறேன், எங்கள் செய்முறைகளில் இதுதான் தினமும். 2016 நவம்பர் முதல் பையின் இயங்குதளத்தில் எஸ்எஸ்எச் அணைத்தே வருகிறது. எல்லாப் பைக்கும் ஒரே பயனர்பெயர், ஒரே கடவுச்சொல் இருந்த காலம் அது. 2022 ஏப்ரலில் அந்தப் பொதுப் பயனரையும் எடுத்துவிட்டார்கள். இப்போது மெமரிகார்ட்டில் எழுதும்போதே ராஸ்பெரி பை இமேஜர் செயலியில் உங்கள் பெயர், வைஃபை, எஸ்எஸ்எச் எல்லாவற்றையும் குறித்துவிடலாம். உங்கள் பொதுத் திறப்பையும் (கடவுச்சொல்லுக்குப் பதிலாகப் பாவிக்கும் திறப்புச் சோடியில் வெளியே கொடுக்கக்கூடியது) அங்கேயே ஒட்டலாம், கடவுச்சொல்லே தேவைப்படாது. ஏற்கெனவே ஓடும் பை என்றால் ராஸ்பி-கொன்ஃபிக் மெனுவில் இன்டர்ஃபேஸ் பகுதியில் இயக்கினால் போதும்.

போனுக்கு டெர்மக்ஸ் போடுங்கள், போனில் லினக்ஸ் கட்டளைகளைத் தரும் செயலி அது. பிளே ஸ்டோரில் உள்ளதை விட, எஃப்-ட்ரொய்ட் என்ற திறந்த மூலச் செயலிக் களஞ்சியத்தில் உள்ளதையே எடுங்கள். அதில் ஓபன்எஸ்எஸ்எச் பொதியைச் சேர்த்தால் போனே கிளையன்ட். போனைச் சேர்வராக்கினால் அது 22இல் அல்லாமல் 8022ஆம் போர்ட்டில் நிற்கும்.

பரந்தன்_சந்தி எழுதியது:

உபுண்டு டெஸ்க்டொப்பில் கிளையன்ட் இருக்கும், சேர்வர் இருக்காது. பொதிகளை நிறுவும் ஏபிடி கட்டளை வழியாக ஓபன்எஸ்எஸ்எச்-சேர்வர் பொதியை நிறுவுங்கள், உடனே ஓடத் தொடங்கும். இன்னொரு லினக்ஸான பெடோரா வேர்க்ஸ்டேஷனில் பொதி இருக்கும், சேவை அணைந்திருக்கும். சேவையின் பெயரும் வேறு: உபுண்டு, டெபியனில் எஸ்எஸ்எச், பெடோரா பக்கத்தில் எஸ்எஸ்எச்டி. பிரீபிஎஸ்டி யாராவது வைத்திருந்தால் அது அடிப்படை இயங்குதளத்திலேயே இருக்கிறது, நிறுவும்போதே இயக்கவா என்று கேட்கும்.

மாக்கில் இதைவிடச் சுலபம். சிஸ்டம் செட்டிங்ஸ், ஜெனரல், ஷேரிங், அதில் ரிமோட் லொகின். யாரை அனுமதிப்பது என்றும் அங்கேயே தெரிவுசெய்யலாம். எல்லாருக்கும் என்று விடாமல் ஒரு பயனரை மட்டும் போடுங்கள்.

பிறகு ரவுட்டரில் 22ஐ வெளியே திறந்துவிட்டால் கிளிநொச்சியிலிருந்து நேரே வரலாம். பயமாக இருந்தால் 22க்குப் பதில் வேறொரு இலக்கம் போடுங்கள்.

கனகராயன் எழுதியது:

பரந்தன் அண்ணை, கடைசிப் பந்தியில் மட்டும் உங்களோடு உடன்பட முடியவில்லை. இணையத்துக்குத் திறந்த 22இல் கடவுச்சொல் நுழைவு இருந்தால் ஊகித்துப் பார்க்கும் நிரல்கள் ஓயாமல் தட்டிக்கொண்டே இருக்கும். போர்ட்டை மாற்றினால் பதிவேட்டில் இரைச்சல் குறையும். பூட்டு அதனால் பலமாவதில்லை. பிள்ளைகளின் விபரம் இருக்கிறது என்று அக்கா முதலிலேயே சொல்லிவிட்டார்.

போர்ட் மாற்றத்தில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. உபுண்டு 22.10 முதல் சொக்கெட் வழியாகத்தான், அதாவது போர்ட்டை இயங்குதளமே கவனித்து இணைப்பு வரும்போதுதான், எஸ்எஸ்எச் எழும்புகிறது. அமைப்புக் கோப்பில் இலக்கத்தை மாற்றிச் சேவையை மட்டும் மீளத் தொடக்கினால் பழைய போர்ட்டிலேயே நிற்கும். 24.04இல் சேவைகளை நிர்வகிக்கும் சிஸ்டம்டியை மீள வாசிக்க வைத்து, சொக்கெட்டையும் மீளத் தொடக்க வேண்டும்.

செய்ய வேண்டியது திறப்புச் சோடி. உங்கள் மடிக்கணினியில் எஸ்எஸ்எச்-கீஜென் கட்டளையை ஓட்டுங்கள், வகை ஈடி25519 என்று கொடுங்கள். இரண்டு கோப்புகள் வரும். பப் என்று முடிவது பொதுத் திறப்பு, அதை எத்தனை கணினியிலும் ஒட்டலாம். மற்றது தனித் திறப்பு. அது உங்கள் மடிக்கணினியை விட்டு வெளியேறக்கூடாது. வாட்ஸ்அப்பில் அனுப்புவதும் கூகுள் டிரைவில் வைப்பதும் வேண்டாம். அது கேட்கும் மறைசொல்லை வெறுமையாக விடவும் வேண்டாம். மடிக்கணினி பஸ்ஸில் தவறிப்போனால் அந்த மறைசொல்தான் காப்பு.

திறப்பால் நுழைய முடிகிறது என்று உறுதியான பிறகு, சேர்வரின் அமைப்பில் பாஸ்வேர்ட் ஓதென்டிகேஷன் என்பதை நோ ஆக்குங்கள். வாடகைக்கு எடுக்கும் உபுண்டு சேர்வர்களில் எஸ்எஸ்எச்டி-கொன்ஃபிக்-டி கோப்புறைக்குள் சேர்வரை முதலில் அமைத்துத் தரும் கிளவுட்-இனிட் நிரல் போட்ட சிறு கோப்பு ஒன்று இருக்கலாம். எஸ்எஸ்எச்டி என்ற சேர்வர் நிரல் ஒரு அமைப்பை முதலில் எங்கே காண்கிறதோ அதையே எடுக்கும். அந்தக் கோப்பில் யெஸ் என்று இருந்தால் நீங்கள் கீழே நோ போட்டும் பயனில்லை. எஸ்எஸ்எச்டி கட்டளையைப் பெரிய டி தெரிவோடு ஓட்டினால் உண்மையில் நடைமுறையில் இருக்கும் அமைப்பைக் காட்டும், அதைப் பார்த்து நம்புங்கள். சிறிய டி தெரிவு எழுத்துப்பிழையைச் சொல்லும்.

தொலைவிலிருந்து அமைப்பை மாற்றும்போது திறந்திருக்கும் இணைப்பை மூடாதீர்கள். இன்னொரு சாளரத்தில் புதிதாக நுழைந்து பார்த்து, முடிந்தால் மட்டும் பழையதை மூடுங்கள்.

புதுக்குடியிருப்பு_கிழக்கு எழுதியது:

எல்லாரும் சேர்வரைப் பற்றிக் கதைக்கிறீர்கள். வன்னியில் பெரிய தடை அது அல்ல, இணைப்பு. 4ஜி ரவுட்டரின் பின்னால் இருப்பவருக்கு ரவுட்டரில் போர்ட் திறக்கும் வழியே பெரும்பாலும் கிடையாது. பலருக்கு ஒரே வெளி முகவரியைப் பங்கிட்டுத்தான் மொபைல் வலையமைப்புகள் தருகின்றன. சோதிப்பது சுலபம். ரவுட்டரின் பக்கத்தில் காட்டும் வெளி முகவரி 10இல் தொடங்கினாலோ, 100.64க்கும் 100.127க்கும் இடையில் இருந்தாலோ அது உங்களுக்கே உரிய பொது முகவரி இல்லை. அந்த நிலையில் வெளியிலிருந்து யாரும் உங்கள் ரவுட்டரைத் தட்ட முடியாது.

அதற்கு இரண்டு வழிகளை நான் நம்பிப் பாவிக்கிறேன்.

முதலாவது டெயில்ஸ்கேல், உங்கள் கணினிகளை மட்டும் ஒரு தனி வலையமைப்பாக இணைக்கும் சேவை. வயர்கார்ட் என்ற மறைப்புள்ள இணைப்பு முறையின் மேல் கட்டியது. இரு பக்கமும் உள்ளிருந்து வெளியே அழைப்பதால் பொது முகவரி தேவையில்லை. விண்டோஸ், மாக், லினக்ஸ், அண்ட்ரொய்ட் எல்லாவற்றுக்கும் இருக்கிறது, சிறு பாவனைக்கு இலவசத் திட்டமும் உண்டு. நிறுவியதும் ஒவ்வொரு கணினிக்கும் 100இல் தொடங்கும் ஒரு முகவரி கிடைக்கும், அதற்கு எஸ்எஸ்எச் செய்யுங்கள். அவர்களின் சொந்த எஸ்எஸ்எச் வசதி விண்டோஸில் சேர்வராக இயங்காது. ஆனால் விண்டோஸின் ஓபன்எஸ்எஸ்எச் அந்த முகவரியில் வழமைபோல வேலை செய்யும்.

இரண்டாவது, வெளியாரின் கணக்கு எதையும் நம்ப விரும்பாதவர்களுக்கு. மாத வாடகைக்கு ஒரு சிறு விபிஎஸ் (இணையத்தில் பொது முகவரியோடு இருக்கும் மெய்நிகர் சேர்வர்) எடுங்கள். ஒட்டுசுட்டான் உபுண்டு அந்த விபிஎஸ்ஸுக்குத் தானே எஸ்எஸ்எச் செய்து, பெரிய ஆர் தெரிவால் பின்னோக்கிய சுரங்கம் ஒன்றைத் திறந்து வைத்திருக்கும். நீங்கள் கிளிநொச்சியிலிருந்து விபிஎஸ்ஸுக்கு வந்து, அங்கிருந்து அந்தச் சுரங்கம் வழியாக ஒட்டுசுட்டானுக்குள் போவீர்கள். பெரிய ஜே தெரிவால் இரண்டையும் ஒரே கட்டளையில் தாண்டலாம். சிக்னல் அறுந்தால் சுரங்கமும் அறும். எனவே சிஸ்டம்டி சேவையாக எழுதி, நின்றால் தானாக மீளத் தொடங்கும்படி வையுங்கள். சேர்வர்-அலைவ்-இன்டர்வெல் 30 விநாடி என்று போட்டால் செத்த இணைப்பைச் சீக்கிரம் கண்டுபிடித்துவிடும்.

மல்லாவி அக்காவுக்கு முதலாவதே போதும்.

மல்லாவி_வெளி எழுதியது:

எல்லாருக்கும் மிக்க நன்றி. டெயில்ஸ்கேல் போட்டாயிற்று, உபுண்டுவுக்குள் திறப்பால் நுழைகிறேன், பையும் சரி. மாக்கும் உடனே வந்தது.

விண்டோஸ் 11 மட்டும் ஒத்துவரவில்லை. பயனர் கோப்புறையில் டொட்-எஸ்எஸ்எச் உண்டாக்கி ஓதரைஸ்ட்-கீஸ் கோப்பில் பொதுத் திறப்பை ஒட்டினேன். ஆனாலும் கடவுச்சொல் கேட்கிறது. நான் தினமும் நுழையும் பின் (PIN) இலக்கத்தைக் கொடுத்தால் மறுக்கிறது.

கனகராயன் எழுதியது:

அக்கா, விண்டோஸில் இந்த இடத்தில் நிற்காதவர்கள் குறைவு. மைக்ரோசொஃப்ட் வைத்த ஏற்பாடு அப்படி. அந்தப் பயனர் நிர்வாகிக் குழுவில் இருந்தால் அவருடைய கோப்புறையில் உள்ள ஓதரைஸ்ட்-கீஸைச் சேர்வர் பார்க்கவே பார்க்காது. சி டிரைவில் புரோகிராம்டேட்டா என்ற மறைந்த கோப்புறை, அதற்குள் எஸ்எஸ்எச், அதற்குள் அட்மினிஸ்ட்ரேட்டர்ஸ்-ஓதரைஸ்ட்-கீஸ் என்ற கோப்பு. சொற்களுக்கு இடையில் அடிக்கோடு வரும். அதில்தான் ஒட்ட வேண்டும். அந்தக் கோப்பின் உரிமை நிர்வாகிக் குழுவுக்கும் சிஸ்டத்துக்கும் மட்டும் இருக்க வேண்டும். வேறு பயனருக்கு உரிமை இருந்தால் சேர்வர் அதைப் புறக்கணித்துவிடும்.

கோப்பை நோட்பேடில் சேமித்தால் பெயரின் பின்னால் டிஎக்ஸ்டி சேரும், எடுத்துவிடுங்கள். பவர்ஷெல் 5.1இல் அம்புக்குறியால் கோப்புக்குள் எழுதினால் யுடிஎஃப்-16இல் எழுதிவிடும், சேர்வருக்கு அதை வாசிக்கத் தெரியாது. நோட்பேடில் யுடிஎஃப்-8 என்று தெரிவுசெய்து சேமியுங்கள். லினக்ஸில் இந்த ஒட்டும் வேலையைச் செய்யும் எஸ்எஸ்எச்-கொப்பி-ஐடி விண்டோஸ் கிளையன்டோடு வருவதில்லை, கையால்தான்.

பின் இலக்கம் அந்தக் கணினியின் முன்னால் இருப்பவருக்கு மட்டும். எஸ்எஸ்எச்சுக்குக் கணக்கின் உண்மையான கடவுச்சொல்தான். பயனர்பெயரும் நீங்கள் நினைப்பதாக இல்லாமல் இருக்கலாம். மைக்ரோசொஃப்ட் கணக்கால் அமைத்த கணினியில் மின்னஞ்சலின் முதல் ஐந்து எழுத்துகள் பெயராக வரும். ஹூ-ஆம்-ஐ கட்டளை சரியான பெயரைச் சொல்லும்.

லினக்ஸிலும் உரிமைகளைப் பாருங்கள்: டொட்-எஸ்எஸ்எச் கோப்புறைக்கு 700, ஓதரைஸ்ட்-கீஸுக்கு 600.

மல்லாவி_வெளி எழுதியது:

வந்துவிட்டது! உரிமையைச் சரிசெய்ததும் திறப்பை ஏற்றுக்கொண்டது.

இரண்டு கேள்விகள். முதல் தடவை இணையும்போது நீண்ட ஒரு விரலடையாளத்தைக் காட்டி யெஸ் அல்லது நோ கேட்கிறது. எல்லாரும் யெஸ் அடிக்கிறார்கள், சரிதானா? மற்றது, தரம் 10 வினாத்தாள் என்று தமிழில் பெயரிட்ட கோப்புறைகள் விண்டோஸில் கேள்விக்குறியாகத் தெரிகின்றன.

பரந்தன்_சந்தி எழுதியது:

யெஸ் அடிக்க முதல் ஒரு அழைப்பு எடுங்கள் தங்கச்சி. அந்தப் பக்கத்தில் இருப்பவர் உபுண்டுவின் ஈடிசி எஸ்எஸ்எச் கோப்புறையில் உள்ள பொதுத் திறப்பின் மேல் எஸ்எஸ்எச்-கீஜென்னை எல்எஃப் தெரிவோடு ஓட்டினால் அதே விரலடையாளம் வரும். அவர் தொலைபேசியில் வாசிக்க நீங்கள் ஒப்பிடுங்கள். இடையில் வேறு கணினி நிற்கவில்லை என்பதற்கு அதுதான் சாட்சி. பிறகொரு நாள் அடையாளம் மாறிவிட்டது என்று பெரிய எச்சரிக்கை வந்தால், அந்தக் கணினியை யாராவது புதிதாக நிறுவினார்களா என்று முதலில் கேளுங்கள். ஓம் என்றால் எஸ்எஸ்எச்-கீஜென் பெரிய ஆர் தெரிவால் பழைய பதிவை நீக்கலாம். இல்லை என்றால் உள்ளே போகாதீர்கள்.

தமிழுக்கு: விண்டோஸில் நுழைந்ததும் சிஎச்சிபி 65001 என்று அடியுங்கள், யுடிஎஃப்-8க்கு மாறும். கொம்பும் காலும் பிரிந்து தெரிந்தால் கவலை வேண்டாம், கட்டம் கட்டமாக எழுத்து வைக்கும் டெர்மினல்கள் பலவற்றுக்குத் தமிழைச் சேர்த்து வரையத் தெரியாது. கோப்புக்கு ஒன்றும் ஆகாது. கோப்பு எடுப்பதற்கு வின்எஸ்சிபி பாவித்தால் பெயர்கள் வடிவாகத் தெரியும், அதுவும் எஸ்எஸ்எச் வழியாகத்தான் போகிறது. பெரிய காணொளி என்றால் கோப்புகளைப் பிரதி எடுக்கும் ஆர்சிங்க் கட்டளையைப் பார்ஷியல் தெரிவோடு பாவியுங்கள். இணைப்பு அறுந்தாலும் பாதிவரை வந்தது அழியாது.

கனகராயன் தம்பி, போர்ட் பற்றிச் சொன்னதை யோசித்தேன். என் வீட்டு ரவுட்டரிலும் மூடிவிட்டேன்.

அறிவியல்நகர்_மாணவன் எழுதியது:

மழை நாளில் இணைப்பு விட்டுவிட்டு வரும். அதற்கு மொஷ் அருமையானது. எஸ்எஸ்எச்சால் நுழைந்து, பிறகு யுடிபி 60000 முதல் 61000 வரையான போர்ட்களில் ஒன்றுக்கு மாறிக்கொள்ளும். வைஃபையிலிருந்து போன் டேட்டாவுக்கு மாறினாலும் அமர்வு சாகாது. உபுண்டுவிலும் பையிலும் போடலாம். விண்டோஸ் சேர்வருக்கு அது இல்லை. குறைந்தது அமர்வை அந்தப் பக்கத்திலேயே வைத்திருக்கும் டிமக்ஸ் நிரலையாவது பாவியுங்கள் அக்கா. சிக்னல் போய் இணைப்பு அறுந்தாலும் நீங்கள் தொடக்கிய வேலை அங்கே ஓடிக்கொண்டிருக்கும், திரும்ப வந்து ஒட்டிக்கொள்ளலாம். இயங்குதளத்தை மேம்படுத்தும்போது இது கட்டாயம்.

புதுக்குடியிருப்பு_கிழக்கு எழுதியது:

கரண்ட் பற்றி யாரும் சொல்லவில்லை. கரண்ட் போய்வந்த பிறகு டெஸ்க்டொப் தானாக எழும்பாவிட்டால் எஸ்எஸ்எச் இருந்தும் பயனில்லை. பயோஸில் மின்சாரம் திரும்பினால் இயங்கு என்ற பொருள்படும் தெரிவு இருக்கும், அதை இயக்குங்கள். விண்டோஸில் தூக்கத்துக்குப் போவதை நிறுத்துங்கள், உறங்கும் கணினி பதில் சொல்லாது. பை தானாகவே எழும்பும். ஆனால் அடிக்கடி கரண்ட் போனால் மெமரிகார்ட் பழுதாகும், மழைப் பதிவுகளை இரவில் உபுண்டுவுக்குப் பிரதி எடுக்க வையுங்கள்.

மல்லாவி_வெளி எழுதியது:

இன்றைக்கே ஆள் விட்டு பயோஸைப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன். ஒன்று மட்டும் மிச்சம். உதவிக்கு இன்னொரு ஆசிரியரின் திறப்பையும் சேர்த்திருக்கிறேன். அவர் அடுத்த மாதம் வவுனியாவுக்கு மாற்றலாகிப் போகிறார். அவர் நல்லவர், ஆனால் திறப்பு இருக்கக்கூடாது. எல்லாவற்றையும் மாற்ற வேண்டுமா?

கனகராயன் எழுதியது:

வேண்டாம் அக்கா. கடவுச்சொல்லைப் பங்கிட்டிருந்தால்தான் எல்லாருக்கும் மாற்ற வேண்டி வரும். ஓதரைஸ்ட்-கீஸில் ஒரு திறப்புக்கு ஒரு வரி, அவருடைய வரியை மட்டும் நீக்குங்கள். வரியின் கடைசியில் உள்ள குறிப்பில் யாருடையது, எந்தக் கணினியினது என்று இப்போதே எழுதிவையுங்கள், உங்கள் போனுக்கும் மடிக்கணினிக்கும்கூட வேறு வேறு திறப்பு. விண்டோஸில் அந்த நிர்வாகிக் கோப்பு எல்லா நிர்வாகிகளுக்கும் பொதுவானது என்பதால் அங்கேயும் பார்க்க வேண்டும். மாக்கில் அவருக்குக் கணக்கு இருந்தால் ரிமோட் லொகின் பட்டியலிலிருந்து எடுங்கள், டெயில்ஸ்கேலிலிருந்து அவருடைய கணினியையும் நீக்குங்கள். வரியை நீக்கியதும் ஏற்கெனவே திறந்திருக்கும் இணைப்பு அறுந்துவிடாது. லினக்ஸில் ஹூ கட்டளையில் அவர் பெயர் தெரிந்தால், வேலையை முடிக்கச் சொல்லி ஒரு அழைப்பு எடுத்துவிட்டு அந்த அமர்வை நிறுத்துங்கள்.